நான் வேண்டாமென்ற பிரேம்

என் கடைக்கு வரும் எவரும் நான் சொல்வதை முதல் தடவையிலேயே நம்பியதில்லை. டயர் தேய்ந்துவிட்டது என்றால் குனிந்து தாங்களே விரலால் தடவிப் பார்ப்பார்கள். செயின் மாற்ற வேண்டும் என்றால், "நானா, போன பெருநாளைக்குத்தானே மாத்தினது" என்று சண்டைக்கு வருவார்கள். கண்டக்குழிச் சந்தியில் இருபத்தைந்து வருஷமாகச் சைக்கிள் திருத்துகிறேன். மவுத்தாகிப்போன என் வாப்பாவே எழும்பி வந்து சொன்னாலும் நம்பாத சனம் இது. இந்தச் சனத்துக்குள் ஒரே ஒரு ஆள் என்னை நம்பினாள். அவளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

பெயரைச் சொல்லமாட்டேன். அவள் இப்போது இந்த ஊரிலும் இல்லை. மகளோடு சிலாபம் பக்கம் போய் இரண்டு வருஷமாகிறது. அப்போது நாற்பது வயது இருக்கும். நல்ல உயரம். புருஷன் படகில் போவான், இவள் கரையில் கருவாடு போடுவாள். வேதக்காரப் பெண், மாதா கோயிலுக்குப் போகிறவள். அண்ணனைக் கூப்பிடுவதுபோல என்னை நானா என்பாள், நான் தங்கச்சி என்பேன். கடையில் ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டிருக்கிறேன். எத்தனை தடவை வந்தாலும் அவள் அதில் உட்கார்ந்ததில்லை. ஏதாவது ஒரு சைக்கிளின் சீட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றபடிதான் கதைப்பாள்.

அவளுடைய குணத்தைச் சொல்வதென்றால் அந்தக் கட்டாமீன் கருவாட்டுக் கதையைத்தான் சொல்ல வேண்டும். ஒரு நாள் என் மனைவி அவளிடம் கருவாடு வாங்கப் போனாள். பார்க்க நன்றாக இருந்ததாம். எடுத்துப் பைக்குள் போடப் போனவளின் கையைப் பிடித்து, "ராத்தா, இது வேணாம். முந்தாநாள் மழைல நனைஞ்சது. காயவெச்சிருக்கேன், ஆனா ரெண்டு வாரத்துல பூச்சி வைக்கும்" என்று சொல்லிவிட்டாள். பக்கத்தில் நின்ற கொழும்பு வியாபாரி அந்தப் பாயில் கிடந்த கருவாட்டையே முழுசாக விட்டுவிட்டுப் போனான். என் மனைவி வீட்டுக்கு வந்து, "அந்தப் புள்ளைக்கு வியாபாரம் செய்யத் தெரியாது" என்றாள். பிறகு ஒரு நாளும் அவள் வேறு யாரிடமும் கருவாடு வாங்கவில்லை.

தன் சாமானைப் பற்றி இவ்வளவு நேர்மையாகச் சொல்கிறவள் மற்றவர்களும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்தாள். டாக்டர் சொன்னால் டாக்டர். கொத்தன் சொன்னால் கொத்தன். "அது அவங்கட வேலை, அவங்களுக்குத்தானே தெரியும்" என்பாள். குறுக்குக் கேள்வி கிடையாது. எனக்கு அது முதலில் சிரிப்பாக இருந்தது. பைத்தியம், இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு ஆளா என்று நினைத்தேன்.

ஒரு தை மாதம் அவள் புருஷன் தனியாகப் படகெடுத்துப் போனவன் திரும்பவில்லை. ஊர்ப் படகெல்லாம் தேடிப் போயின. கடற்படைக்குச் சொன்னார்கள். போனில் படத்தைப் போட்டு நாலு பக்கமும் அனுப்பினார்கள். உச்சமுனைத் தீவிலிருந்தும் ஆட்கள் வந்து தேடினார்கள். ஒரு பலகைத் துண்டுகூட அகப்படவில்லை. வாடைக்காற்று அடிக்கிற காலம், கரையைவிட்டு வெளியே தள்ளிக்கொண்டு போயிருக்கும் என்று பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். ஒரு மாதம் கழிந்ததும் எல்லாரும் தங்கள் தங்கள் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். வேறு என்ன செய்வது.

மாசி தொடக்கத்தில் அவள் என் கடைக்கு வந்தாள்.

"நானா, எனக்கொரு சைக்கிள் வேணும். நாள்கணக்கா ஓடணும். தார் ரோட்டுலயும் போகணும், மணல்லயும் போகணும். ரெண்டு பக்கமும் பை கட்டணும்."

"எங்க போறதுக்கு?"

"எல்லா வாடிக்கும்."

பருவத்துக்கு வந்து கரையில் வாடி, அதாவது ஓலைக்கொட்டில், அடித்துத் தங்கி மீன் பிடிப்பவர்களை நாங்கள் வாடிக்காரர் என்போம். தெற்கே நீர்கொழும்பு வரைக்கும் கரை நெடுக அவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கடலில் மிதந்து வந்த பிறத்தியார் சாமான் வலையில் பட்டால் வீசமாட்டார்கள், எடுத்துப் பாவிக்கவும் மாட்டார்கள். வாடி வேலியில், பாதையைப் பார்த்தபடி தொங்கவிடுவார்கள். தேடி வருகிறவன் கண்ணில் படட்டும் என்று. வாடி இருக்கும் வரைக்கும் அது அங்கேயே தொங்கும்.

"போட்டோவப் பாத்து யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க நானா. போன்ல வாறது ஆயிரம். நேர போய் வேலியப் பாத்தாத்தான் தெரியும். பஸ் வாடிக்குப் போகாது" என்றாள். பிறகு மெதுவாக, "உசிரோட இருப்பார்ன்னு நான் சொல்லல்ல. எங்கட குடும்பத்துல கடலோட போனவங்களுக்கு, அவங்க கடலுக்குக் கொண்டுபோன சாமான் ஒண்ணாவது கிடைச்சா அத வெச்சுத்தான் குழிய மூடுவாங்க. ஒண்ணுமில்லாம குழி வெட்டமாட்டாங்க. எனக்கு ஏதாச்சும் ஒண்ணு போதும். தண்ணி கொண்டுபோற கேன் இருந்தாலும் போதும். மஞ்சள் கேன். கம்பியச் சுட்டு அவர்ட பேர நான்தான் எழுதினேன்" என்றாள்.

நான் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அவளுக்குப் பிரேமைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். எனக்குத் துக்கம் விசாரிக்கத் தெரியாது, தெரிந்தது இதுதான். "மத்ததெல்லாம் மாத்தலாம் தங்கச்சி, பிரேம் பிழைச்சா எல்லாம் பிழை. இரும்பாத்தான் இருக்கணும். உடைஞ்சாலும் எந்தக் குக்கிராமத்துலயும் ஒட்டிக் குடுக்க ஆள் இருக்கும். பின் சில்லு கொஞ்சம் தள்ளி இருக்கணும், இல்லாட்டி மிதிக்கிற நேரம் குதிக்கால் பையில அடிக்கும். மணலுக்கு அகல டயர் போட பிரேமுக்குள்ள இடம் வேணும். உங்கட உயரத்துக்குச் சின்ன பிரேம் எடுத்தா ரெண்டு நாள்ல முழங்கால் போயிரும்" என்றேன். கேட்டுக்கொண்டு நின்றாள். அடுத்த வாரம் வந்தபோது நான் சொன்னதை ஒன்று விடாமல் அதே வரிசையில் திருப்பிச் சொன்னாள். எனக்கே அவ்வளவு ஞாபகம் இருக்கவில்லை.

இதற்கிடையில் அவள் கொழுந்தன், அதாவது புருஷனின் தம்பி, என்னைத் தேடி வந்தான். கெட்டவன் இல்லை. அண்ணனைத் தேடி எட்டு நாள் கடலில் கிடந்தவன்.

"நானா, அண்ணி சைக்கிள்ல போகப் போறேன்னு நிக்கிறா. பொம்பள தனியா, ஆள் தெரியாத ஊர்ல. ஒரு பக்கம் லொறி, ஒரு பக்கம் ஆனை. பொட்டப்புள்ள ஒண்ணு படிச்சிட்டிருக்கு. தகப்பனும் போய் தாயும் போனா அது என்ன செய்யும்? நாங்க சொன்னாக் கேக்கமாட்டா. நீங்க சொன்னாக் கேப்பா. பிரேம் சரியில்ல, சரியில்லன்னு ரெண்டு மூணு மாசம் இழுங்க. காலம் போனா மனசு ஆறிடும்."

நான் ஓம் என்றேன். அவ்வளவுதான். நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். அந்த ஓமை இன்றைக்கும் நாக்கை வெட்டிப் போட்டாவது திருப்பி எடுக்க முடியுமா என்று இருக்கிறது.

இரண்டு வாரத்தில் ஒரு பிரேம் வந்தது. பாலாவி ஆள் ஒருவர் கொண்டுவந்தார். பழைய சீமைச் சாமான், நீல நிறம். நூல் கட்டிப் பார்த்தேன், ஒரு மயிரிழை கோணல் இல்லை. பின் சில்லுக்கு இடம் தாராளம். அளவெடுத்துச் செய்ததுபோல அவள் உயரம். இருபத்தைந்து வருஷத்தில் இப்படி ஒன்று என் கைக்கு மூன்றோ நாலோ தடவைதான் வந்திருக்கும்.

அவள் வந்தாள். பார்த்தவுடனே முகத்தில் ஒரு வெளிச்சம்.

"இது சரியா நானா?"

"சரியில்ல தங்கச்சி" என்றேன். "இதுல மீன் பெட்டி கட்டி ஓடியிருக்காங்க. உப்புத்தண்ணி சீட்டுக் குழாயால இறங்கி உள்ளுக்குத் தின்னுட்டுது. வெளிய தெரியாது. பாதி வழியில ஒடிஞ்சிரும்."

எங்கள் கரையில் இது நடக்கிற விஷயம்தான். மீன்காரர்களின் சைக்கிள்கள் வெளியே பளபளவென்று இருக்கும், ஒரு நாள் நடுவால் முறியும். அதனால்தான் அந்தப் பொய் அவ்வளவு நன்றாகப் பொருந்தியது. நம்பட்டும் என்று ஒரு கம்பியில் துணியைச் சுற்றிக் குழாய்க்குள் விட்டு எடுத்துக் காட்டினேன். பழைய கிரீஸும் கொஞ்சம் துருவும் வந்தன. அவள் அந்தத் துணியை வாங்கி விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். நாள் முழுக்க உப்பில் கை வைக்கிறவள் அல்லவா.

"உப்புக் கரிக்கல்லையே நானா?"

நான் துணியை அவள் கையிலிருந்து திருப்பி வாங்கிக்கொண்டேன். "அது இன்னும் அடியில இருக்கு. துணி அவ்வளவு தூரம் போகாது" என்றேன்.

அவள் ஒரு நிமிஷம் பிரேமைப் பார்த்தாள். தன் நாக்கு சொன்னதை விட்டுவிட்டு, என் வாய் சொன்னதை எடுத்துக்கொண்டாள். "சரி. உங்களுக்குத்தானே தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிறகு வந்த மூன்று பிரேம்களையும் வேண்டாம் என்றேன், ஆனால் அவை உண்மையிலேயே வேண்டாதவை. ஒன்று, கடலில் காற்றாடிப் பலகை ஓட வந்த வெள்ளைக்காரன் லாட்ஜில் விட்டுப்போனது. அலுமினியம். பஞ்சு மாதிரி இருந்தது, உடைந்தால் ஊரில் ஒட்ட ஆள் இல்லை. இன்னொன்று லேடீஸ் சைக்கிள், மேல் பார் இல்லாதது. இரண்டு பக்கமும் பாரம் ஏற்றினால் நெளியும். மூன்றாவது அவளுக்குச் சின்னது. ஒவ்வொன்றுக்கும் காரணத்தை விளக்கமாகச் சொன்னேன். உண்மை சொல்லும்போது என் குரல் எவ்வளவு தெளிவாக இருந்தது என்று எனக்கே கேட்டது. அவள் ஒவ்வொரு தடவையும் தலையாட்டிவிட்டு, ஒரு பொட்டலம் நெத்தலிக் கருவாட்டை மேசையில் வைத்துவிட்டுப் போவாள். வேண்டாம் என்றால் கேட்கமாட்டாள்.

என் மனைவிக்கு விஷயம் தெரியும். "அந்தக் கருவாட்ட இந்த வீட்டுல நான் ஆக்கமாட்டேன்" என்றாள். "அவ உங்கள நம்பி நிக்கிறா. போறதும் போகாததும் அவட இஷ்டம். பயமா இருக்குன்னா பயமா இருக்குன்னு சொல்லுங்க. பொய்யச் சொல்லி ஏன் பாவத்தச் சேக்குறீங்க?" நான் அவளிடம் எரிந்து விழுந்தேன். பொம்பிளைக்கு என்ன தெரியும், ரோட்டில் அடிபட்டுச் செத்தால் யார் பதில் சொல்வது என்று கத்தினேன். நியாயம் இல்லாதவனுக்குத்தான் சத்தம் கூடுதலாக வரும்.

பங்குனி போனது. பெட்ரோலுக்கு வரிசை தொடங்கி ஊரெல்லாம் பழைய சைக்கிள்களைத் தூசி தட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். மூச்சுவிட நேரமில்லை. நீல பிரேமை மட்டும் கொடுக்கவில்லை. எத்தனை பேர் கேட்டும், அது விற்பனைக்கில்லை என்றேன். ஏன் வைத்திருந்தேன் என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது.

சித்திரை கழியும்போது காற்று மாறிற்று. தென்மேற்கிலிருந்து சோளகம் எழும்பினால் இந்தக் கரையில் தொழில் இல்லை. வாடிக்காரர் கொட்டிலைப் பிரித்து, படகை லொறியில் ஏற்றி, கிழக்குக் கரைக்குப் போய்விடுவார்கள். இது பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். எனக்குத் தெரியாதா? மாசியிலேயே தெரியும். இழு இழு என்று நான் இழுத்ததெல்லாம் எந்த நாளை நோக்கி என்று தெரிந்தேதான் இழுத்தேன்.

அன்று அவள் வந்து நின்ற நிலையை மறக்க முடியவில்லை. சேலைத் தலைப்பெல்லாம் மணல். கரையிலிருந்து ஓடி வந்திருக்கிறாள். "நானா, வாடி பிரிக்கிறாங்க. தலவிலப் பக்கமும் பிரிச்சிட்டாங்களாம். இன்னும் ஒரு பிரேமும் அகப்படல்லையா?" என்றாள். கோபம் இல்லை. அழுகைகூட இல்லை. நான் தேடித்தேடிக் களைத்துப்போனேன் என்று நினைத்து என்னைப் பார்த்துப் பாவப்படுவதுபோல நின்றாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"நாளையண்டைக்கு வாங்க" என்றேன்.

கூரையில் தொங்கிய நீல பிரேமை இறக்கினேன். உண்மையைச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். வெட்கம் விடவில்லை. பச்சைப் பெயிண்ட் அடித்தேன். கெட்டிக் கம்பி போட்டுச் சில்லுக் கட்டினேன், அகல டயர் போட்டேன், முன்னும் பின்னும் கேரியர் வைத்து இறுக்கினேன். என் ஆயுளில் அப்படி ஒரு சைக்கிள் கட்டியதில்லை. அநுராதபுரத்திலிருந்து வரவழைத்தேன் என்று இன்னொரு பொய்யையும் சேர்த்துக்கொண்டேன்.

"இது நல்லதா நானா?"

"ஓம். இதைவிட நல்ல பிரேம் உங்களுக்கு இந்த உலகத்துல கிடையாது."

அது உண்மை. மாசியிலும் அது உண்மையாகத்தான் இருந்தது.

மகளைக் கொழுந்தன் வீட்டில் விட்டுவிட்டு அவள் விடியப் புறப்பட்டாள். இரண்டு பை, ஒரு பாய், ஒரு பாண் பொட்டலம். நுரைச்சோலையைத் தாண்டிப் போனதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். பிறகு ஒரு தகவலும் இல்லை. அந்த நாட்களில் ரோட்டில் அடிபட்ட கதை எதைக் கேட்டாலும், பொம்பிளையா ஆம்பிளையா என்றுதான் முதலில் விசாரிப்பேன்.

இருபத்துநாலு நாள் கழித்து வந்தாள். முகம் கருகி, உதடு வெடித்து, ஆனால் முழுசாக வந்தாள். ஆனையும் அடிக்கவில்லை, லொறியும் அடிக்கவில்லை. வீட்டுக்குப் போகவில்லை, நேரே கடைக்கு வந்தாள். வழக்கம்போல உட்காராமல், சீட்டில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்.

முந்தலுக்குத் தெற்கே ஒரு கரையில் வாடி இருந்த இடம் வெறும் மணலாகக் கிடந்ததாம். பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரர், இங்கே வேலியில் ஒரு மஞ்சள் கேன் தொங்கியது என்றிருக்கிறார். வாடிக்காரர் எங்கே என்று கேட்டால், கிழக்குக் கரையில் புல்மோட்டைப் பக்கம். சரி என்று நாட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போயிருக்கிறாள். ஆறு நாள். பள்ளிக்கூடத்திலும் கோயிலிலும் புத்த பன்சலையிலும் படுத்து எழும்பி, அந்த வாடியைக் கண்டுபிடித்துவிட்டாள். வாடி முதலாளி வயசாளி. கேட்டவுடனே தலையில் கையை வைத்துக்கொண்டு மணலில் குந்திவிட்டாராம்.

அவர் சொன்னதை அவர் சொன்னபடியே சொன்னாள். "'ஓம் தங்கச்சி, எடுத்தோம். மஞ்சள் கேன். பேர் சுட்டு எழுதியிருந்துது. ஒரு தடியில கட்டின சட்டையும் இருந்துது, யாருக்கோ கொடி காட்டின மாதிரி. பங்குனி முழுக்க வேலியில தொங்குச்சு. சித்திரையிலயும் தொங்குச்சு. ஒருத்தரும் வரல்ல. இனி ஆள் இல்லன்னு நெனச்சு, போற அன்னைக்கு வேலியோட போட்டு எரிச்சிட்டோம்.'"

இங்கிருந்து அந்தக் கரைக்கு ஒன்றரை நாள் ஓட்டம். பங்குனி முழுக்க நீல பிரேம் என் தலைக்கு மேல் கூரையில் தொங்கியது.

"சட்டையக் கொடி கட்டியிருக்கார்" என்றாள் மறுபடியும். "அப்ப கன நேரம் உசிரோட இருந்திருக்கார் நானா."

அவள் குனிந்து, பெடலுக்குப் பக்கத்தில் பெயிண்ட் உரிந்திருந்த இடத்தை நகத்தால் சுரண்டினாள். உள்ளே நீலம்.

"இது அந்த முதல் பிரேம்தானே?"

"ஓம்."

"இதுல உப்பு இருந்துதா?"

இந்த ஒரு தடவையாவது பொய் வரவில்லை. "இல்ல தங்கச்சி."

"அப்ப ஏன்?"

உங்கள் கொழுந்தன் வந்து கேட்டான், பிள்ளையை நினைத்துச் சொன்னான், நானும் பயந்துபோனேன் என்று என்னென்னவோ உளறினேன். கண்ணீர் வந்துவிட்டது. அவள் முடியும்வரை பொறுமையாகக் கேட்டாள்.

"கொழுந்தன் மீன் பிடிக்கிறவர் நானா. அவரிட்ட நான் பிரேம் கேக்கல்ல. உங்கள்டதானே கேட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். சைக்கிளைத் திருப்பி, ஏறாமல், உருட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனாள். கோயிலில் பூசை வைத்தார்கள். குழி வெட்டவில்லை. வைக்க ஒன்றுமில்லை.

ஊரில் அவள் என்னைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. யாராவது சைக்கிள் வாங்க யோசனை கேட்டால், "சந்தி நானாட்டப் போங்க, பிரேம் பாக்க அவரை மாதிரி ஆள் இல்ல" என்று அனுப்புவாளாம். வந்தவர்கள் சொல்லும்போது எனக்குச் செருப்பால் அடித்ததுபோல இருக்கும். வைதிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அவளோ பிறகு என் கடைக்கு வரவில்லை. ஒரு நாள் பட்டப்பகல், ரோட்டெல்லாம் தகிக்கிற நேரம், பின் சில்லில் ஒரு துளி காற்றில்லாமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு சந்தியால் வந்தாள். கேரியரில் கருவாட்டு மூட்டை. நான் பம்பையும் எடுத்துக்கொண்டு ரோட்டுக்கே ஓடினேன்.

"தங்கச்சி, நில்லுங்க. அஞ்சு நிமிஷம். ஒட்டித் தாறேன்."

நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். "வேணாம் நானா, கற்பிட்டிக்குப் போய் ஒட்டிக்கிறேன்" என்றாள்.

கற்பிட்டிக் கடைக்காரனுக்குப் பஞ்சர் ஒட்டவே சரியாகத் தெரியாது. அது அவளுக்கும் தெரியும். அவள் மூட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அந்த வெயிலில் வடக்கே உருட்டிக்கொண்டு போனாள்.